சிலேட்டில் எழுதிய தோடி

சங்கரன்கோவில் சப் ரிஜிஸ்திரார் ஆபீசில் நெல்லைநாயகம் பிள்ளைக்கு நகல் எழுதும் வேலை. பதிவுக்கு வருகிற பத்திரங்களை ஆபீசின் பெரிய புத்தகத்தில் ஓர் எழுத்துக்கூடப் பிசகாமல் பார்த்து எழுத வேண்டும். வடக்கே குளத்துக்கரை, கிழக்கே வண்டிப்பாதை, தெற்கே இன்னார் புஞ்சை என்று வருஷக்கணக்காக எழுதியதில், கண்ணால் பார்க்காத நிலங்களின் எல்லைகள்கூட அவருக்கு மனப்பாடமாகியிருந்தன. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். பேச்சுதான் கம்மி.

அவர் மனைவி வடிவாம்பாள் நன்றாகப் பாடுவாள். திருநெல்வேலியில் மாமா வீட்டில் வளர்ந்தவள்; அங்கே ஏழு வருஷம் முறையாகச் சங்கீதம் படித்தவள். 1938-ல் கல்யாணமாகி வந்தபோது பாத்திரம் பண்டங்களோடு ஒரு சுருதிப் பெட்டியையும் கொண்டுவந்தாள். அவர்களுக்குக் குழந்தைகள் இல்லை. காலையில் சமையல் முடிந்ததும் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, அவர் ஆபீசுக்குக் கிளம்பும்வரை பாடுவாள்.

"இன்னைக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேட்பாள்.

"நல்லாருந்துச்சு."

"நேத்தும் இதத்தான சொன்னீங்க?"

"நேத்தும் நல்லாத்தான இருந்துச்சு."

அவள் சிரித்துவிடுவாள். "எங்க வீட்டுக்காரவுகளுக்குத் தோடியும் ஒண்ணுதான், தபால்காரன் சைக்கிள் மணியும் ஒண்ணுதான்" என்று பக்கத்து வீட்டுக் காந்திமதியம்மாளிடம் சொல்லுவாள். சொல்லும்போது குரலில் குறை எதுவும் இருக்காது. அவர் கேட்டுக்கொண்டு நிற்கிறார் என்பதே அவளுக்குப் போதுமாக இருந்தது.

1950 ஐப்பசி மழையில் அவளுக்கு இருமல் பிடித்தது. கஷாயத்துக்கும் மாத்திரைக்கும் நிற்கவில்லை. தை மாதம் சளியில் ரத்தம் வந்தது. நெல்லைநாயகம் லீவு போட்டுவிட்டு, அவளை மலைப்பக்கத்தில் இருந்த ஒரு க்ஷயரோக ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். அங்கே டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, அவரை மட்டும் தனியாகக் கூப்பிட்டார்.

"இப்ப ஸ்ட்ரெப்டோமைசின்னு ஒரு ஊசி வந்திருக்கு. மூணு மாசம் தினமும் போடணும். பிழைச்சிடுவாங்க. ஆனா சில பேருக்குக் காது கேக்காமப் போயிடுது. முதல்லயே சொல்லிடறேன். யோசிச்சுக் கையெழுத்துப் போடுங்க."

நெல்லைநாயகம் யோசிக்கவில்லை. உடனே கையெழுத்துப் போட்டார். வார்டுக்குத் திரும்பி வந்து, "ஊசி போட்டாச் சரியாயிரும்னு சொல்லுதாங்க" என்று மட்டும் மனைவியிடம் சொன்னார்.

இரண்டாவது மாதம் அவளுக்குத் தலை சுற்றல் வந்தது; சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். காதுக்குள் சில்வண்டு கத்துகிற மாதிரி இருக்கிறது என்றாள். இருமல் குறைந்தது, உடம்பு தேறியது. வீட்டுக்கு வந்த அன்று சுருதிப் பெட்டியைத் துடைத்து, திறந்து, துருத்தியை அசைத்தாள். மறுபடி அசைத்தாள். நிமிர்ந்து அவரைப் பார்த்து, "இது ரிப்பேராயிட்டோ?" என்று கேட்டாள். பெட்டி நன்றாக ஒலித்துக்கொண்டிருந்தது.

வைகாசிக்குள் மிச்சமிருந்த செவியும் போய்விட்டது. நெல்லைநாயகம் கடைத்தெருவில் ஒரு சிலேட்டு வாங்கிவந்தார். அவர் எழுதுவார், அவள் வாயால் பதில் சொல்லுவாள். ஆபீசில் எழுதுகிற அதே முத்தான எழுத்தில், 'சாப்பிட்டாயா', 'மழை வரும் போலிருக்கிறது', 'உன் மாமா கடிதம் போட்டிருக்கிறார்' என்று எழுதினார்.

கையெழுத்துப் போட்ட விஷயம் அவர் மனசை அரித்துக்கொண்டே இருந்தது. ஒரு வருஷம் பொறுத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை சிலேட்டின் இரண்டு பக்கமும் நிறைய அதை எழுதி அவளிடம் நீட்டினார். அவள் இரண்டு தரம் வாசித்தாள்.

"என்னயக் கேட்டிருந்தா நானும் ஊசியத்தான் போடச் சொல்லிருப்பேன்" என்றாள். சிலேட்டைத் துடைத்துக்கொண்டே, "கேட்டிருக்கலாம்" என்றாள்.

அந்த வருஷம், 1952-ல், ஆடித்தபசுத் திருவிழாவுக்கு இருவரும் போனார்கள். கோமதியம்மன் தபசு மண்டபத்துக்கு எழுந்தருளியிருந்தாள். சுற்றுப்பட்டி ஜனமெல்லாம் ரத வீதியில் நின்றது. விளைந்த பருத்தியையும் மிளகாய் வத்தலையும் மண்டபத்தின் மேல் வீசினார்கள். நாகஸ்வரக்காரர் அய்யாத்துரை கண்ணை மூடி வாசிப்பதை வடிவாம்பாள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் விரல்களையும் கன்னம் உப்புவதையும் பார்த்தாள். பிறகு நெல்லைநாயகத்தின் கையைத் தொட்டு, "என்ன வாசிக்காக?" என்று கேட்டாள்.

அவர் சிலேட்டில் எழுதினார்: 'நன்றாக வாசிக்கிறார்.'

அவள் அதைப் படித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பதினாலு வருஷமாக அந்த ஒரு வார்த்தையைச் சொல்லி அவர் தப்பித்து வந்திருக்கிறார். இன்றைக்கு அது செல்லவில்லை.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் நெல்லைநாயகம் பெண்கள் பள்ளிக்கூடத்துக்குப் போனார். அங்கே பாட்டு டீச்சராக இருந்தவள் ஞானசெல்வி. இருபத்தாறு வயசு, நாசரேத்துப் பக்கத்துப் பெண். கிறிஸ்தவக் கோவில் கீர்த்தனைகளில் தொடங்கி, பிறகு சர்க்கார் சங்கீதப் பரீட்சை எழுதித் தேறியவள். அவர் கைகட்டி நின்று சொன்னதை அவள் முழுவதும் கேட்டாள்.

"அண்ணாச்சி, நீங்க பாடப் படிக்கணுமா?"

"பாடல்லாம் வேண்டாம் டீச்சர். ஒருத்தர் பாடுனா, அங்கன என்ன நடக்குன்னு எனக்குத் தெரியணும். அத எழுதத் தெரியணும். அதுக்கு உண்டான வார்த்தைகள மட்டும் சொல்லித் தாங்க."

தலைமையாசிரியை அனுமதி கொடுத்தாள். சனிக்கிழமைதோறும் வகுப்பு முடிந்த பிறகு ஒரு மணி நேரம். பள்ளிக்கூடத்து ஆயா இசக்கித்தாய் வாசலில் உட்கார்ந்திருப்பாள்.

முதல் நாள் ஞானசெல்வி ஆர்மோனியத்தில் இரண்டு கட்டைகளை மாறி மாறி அழுத்தினாள். "எது மேல இருக்கு?"

"ரெண்டும் ஒரே சத்தமாத்தான இருக்கு."

"சத்தத்தக் கேக்கல அண்ணாச்சி. மெதுவாவும் மேல பாடலாம், சத்தமாவும் கீழ பாடலாம். உயரம் வேற, சத்தம் வேற."

அவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டார். தப்பாகச் சொன்னார். மறுபடியும் தப்பாகச் சொன்னார். வாசலிலிருந்து இசக்கித்தாய், "அய்யா, எனக்கே கேக்குது, ரெண்டாவதுதான் மேல போகுதுன்னு" என்றாள்.

நாலு சனிக்கிழமை இதிலேயே போயிற்று. ஐந்தாவது வாரம், எந்த வித்தையும் இல்லாமல், ஒரு ஸ்வரம் மேலேயும் மற்றது கீழேயும் இருப்பது அவருக்குத் தானாகவே கேட்டது. அவர் ஆர்மோனியத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இவ்வளவு நாளும் இது இங்கனதான் இருந்துச்சா டீச்சர்?" என்று கேட்டார்.

அதன்பின் வேகம் பிடித்தது. ராகத்தின் ஏறுகிற வழி ஆரோகணம், இறங்குகிற வழி அவரோகணம் என்று ஞானசெல்வி சொன்னபோது, நெல்லைநாயகத்துக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"பத்திரத்துல எல்லை எழுதுத மாதிரி."

"ஆமா. ஆனா எல்லை தெரிஞ்சா நிலம் தெரிஞ்சதா ஆயிருமா? உள்ள நடந்து பாக்கணும்லா?"

நடந்து பார்த்தார். ஆனந்தபைரவியில் ஏறும்போது சட்ஜத்திலிருந்து ரிஷபத்தைத் தாண்டிக் காந்தாரத்துக்குப் போய், அப்புறம் விட்டுவந்த ரிஷபத்துக்குத் திரும்பி, மறுபடி காந்தாரம் ஏறவேண்டும். இப்படி நேராகப் போகாமல் வளைந்து போவதற்கு வக்ரம் என்று பெயர். இடையில் கிணறு இருப்பதால் சுற்றிப் போகிற வரப்பு என்று அவர் நோட்டில் குறித்துக்கொண்டார். ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்குக் குதிக்காமல் வழுக்கிப் போவது ஜாரு. தன் இடத்தில் நின்றபடியே ஸ்வரம் அசைவது கமகம். இது ஆர்மோனியத்தில் வராது. ஞானசெல்வி பாடித்தான் காட்டினாள். தோடியின் காந்தாரத்தை அவள் பாடிக் காட்டிய அன்று அவர் நோட்டில் எதுவும் எழுதவில்லை. இதைத்தான் வடிவு பன்னிரண்டு வருஷம் தினமும் காலையில் தன் முன்னால் பாடினாள் என்பது அவருக்கு அப்போது உறைத்தது. அவள் பாடிய காலத்தில் அவருக்குக் காது இருந்தும் கேட்கவில்லை.

இதையெல்லாம் அவர் வீட்டில் சொல்லவில்லை. ஆபீசில் சனிக்கிழமையும் வேலை என்று எழுதிக் காட்டியிருந்தார்.

1953 ஆடித்தபசு. அதே ரத வீதி, அதே அய்யாத்துரை. பொழுது சாய்கிற வேளை. வடிவாம்பாள் இந்தத் தடவை எதுவும் கேட்கவில்லை. நெல்லைநாயகம் தாமாகவே சிலேட்டை எடுத்து எழுதத் தொடங்கினார்.

'தோடி.'

அவள் சடக்கென்று அவர் முகத்தைப் பார்த்தாள்.

'கீழே நிஷாதத்தில் தொடங்கினார். காந்தாரத்துக்கு வந்து நிற்கிறார். அசைவு பெரிதாக இருக்கிறது.' துடைத்துவிட்டு மறுபடி எழுதினார். 'மத்யமம் வரை போகிறார். அங்கிருந்து தைவதத்துக்குத் தாண்டுகிறார். பஞ்சமத்தைத் தொடவில்லை.' துடைத்தார். 'இரண்டாம் தடவையும் தொடவில்லை. சுற்றிச் சுற்றி வருகிறார்.' துடைத்தார். 'இன்னும் இல்லை.'

வடிவாம்பாள் அவர் தோளோடு சாய்ந்து, பலப்பம் எழுத எழுத வாசித்தாள். அவள் உதடு அசைந்தது. சுற்றிலும் ஜனம் நெருக்கியது. வத்தல் ஒன்று பறந்துவந்து அவள் தலைமுடியில் விழுந்தது, அவள் கவனிக்கவில்லை.

'மேலிருந்து ஜாருவாக இறங்குகிறார்' என்று எழுதிய கை, நின்று, பெரிய எழுத்தில் எழுதியது: 'பஞ்சமம்.'

அவள் வாய்விட்டு அழுதாள். பக்கத்தில் நின்ற ராயகிரிக்காரப் பெண் ஒருத்தி, அம்மன் காட்சி கண்டு அழுகிறாள் என்று நினைத்து அவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

"எங்க படிச்சீங்க?" என்று வீட்டுக்கு வந்து கேட்டாள். அவர் எழுதினார். "சனிக்கிழம வேலைன்னு பொய் சொன்னது இதுக்குத்தானா?" என்று சிரித்தாள். பிறகு சொன்னாள்: "நீங்க எழுத எழுத எனக்கு உள்ள கேட்டுச்சு. தலைக்குள்ள எல்லாம் அப்படியே இருக்கு. யாராவது எடுத்துக் குடுக்கணும், அவ்வளவுதான்."

அதற்கப்புறம் இரண்டு மாதம் அந்த வீட்டில் சந்தோஷம் இருந்தது. சாயங்காலம் ஊராட்சி ரேடியோவில் கேட்ட கச்சேரியை, தேரடியில் கேட்ட பஜனையை, நெல்லைநாயகம் வந்து எழுதிக் காட்டுவார். அவள் திருத்துவாள். "மோகனத்துல மத்யமம் எங்க வந்துச்சு? நல்லாக் கேளுங்க" என்று திரும்ப அனுப்புவாள்.

அந்தச் சந்தோஷத்தில்தான் அவளுக்குப் பாட ஆசை வந்தது. ஒரு நாள் காலை சுருதிப் பெட்டியை எடுத்து, அதன் பலகை மேல் ஒரு உள்ளங்கையை வைத்து, அதிர்வைத் தொட்டுக்கொண்டு ஆனந்தபைரவியில் ஒரு பாட்டுப் பாடினாள். நெல்லைநாயகம் எதிரே உட்கார்ந்திருந்தார்.

முதல் வரி நின்றது. இரண்டாம் வரியில் குரல் சுருதியை விட்டு மெல்லக் கீழே நழுவியது. காந்தாரம் தன் இடத்துக்கு வரவில்லை. சரணத்துக்குள் பெட்டி ஒரு பக்கமும் அவள் குரல் ஒரு பக்கமுமாகப் பிரிந்துவிட்டன. ஒரு வருஷத்துக்கு முன்னால் என்றால் அவருக்கு இது ஒன்றும் தெரிந்திருக்காது; நன்றாக இருக்கிறது என்று மனசார நினைத்திருப்பார். இப்போது ஒவ்வொரு ஸ்வரமும் எவ்வளவு தள்ளி விழுகிறது என்பது அவர் உடம்பில் படுகிற மாதிரி தெரிந்தது.

பாடி முடித்து அவள் கேட்டாள்: "சுருதி சேருதா?"

அவர் சிலேட்டை எடுத்தார். எழுதுவதற்குக் கொஞ்சம் நேரமாயிற்று.

'சேருகிறது.'

நவராத்திரிக்குக் காந்திமதியம்மாள் வீட்டுக் கொலுவுக்கு அழைப்பு வந்தது. வடிவாம்பாள் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு போனாள். பாடச் சொன்னதும் மறுக்கவில்லை. காந்திமதியம்மாளின் மருமகள் ஆர்மோனியத்தில் சுருதி பிடித்தாள். நெல்லைநாயகம் வெளியே வேப்பமரத்தடியில் நின்றார். போகாதே என்று சொல்ல இரண்டு தடவை வாயெடுத்தும், அவளுக்குக் கேட்காது என்பதே சாக்காக, சிலேட்டை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார்.

வடிவாம்பாள் எல்லோருடைய முகத்தையும் பார்த்துப் பாடினாள். முதல் வரியில் பெண்கள் புன்னகையோடு தலையாட்டினார்கள். பிறகு தலைகள் நின்றன. ஒருத்தி குனிந்து தன் வளையலைப் பார்த்தாள். ஒரு சின்னப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் அம்மா தொடையில் கிள்ளினாள். வடிவாம்பாள் எல்லாவற்றையும் பார்த்தாள். பாட்டை நடுவில் விடவில்லை. கடைசி வரிவரை பாடி, கும்பிட்டு, தாம்பூலமும் சுண்டலும் வாங்கிக்கொண்டுதான் வெளியே வந்தாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் சுண்டலைப் பாத்திரத்தில் கொட்டினாள். பிறகு அவர் எதிரே வந்து நின்றாள்.

"எவ்வளவு கீழ போச்சு?"

அவர் விரலால் காட்டினார். ஒரு ஸ்வரம்.

"அன்னைக்கு வீட்டுல பாடும்போதும் போச்சா?"

தலையாட்டினார்.

"உங்களுக்குத் தெரிஞ்சுதா?"

மறுபடியும் தலையாட்டினார்.

"தெரிஞ்சும் சேருதுன்னு எழுதுனீங்க. ஊசிக்கு நீங்களாத்தான் கையெழுத்துப் போட்டீங்க. அது உசுருக்காக, சரி. இது எதுக்காக? எனக்கு இருக்கது உங்க காது ஒண்ணுதான். அதும் பொய் சொன்னா நான் எங்க போவேன்?"

அவர் சிலேட்டைத் தேடி எடுத்துவந்து, 'இனிமேல் சொல்ல மாட்டேன்' என்று எழுதினார். அந்த வாக்கை அவர் கடைசிவரை காப்பாற்றினார்.

மறுநாள் காலையிலேயே அவள் பெட்டியை எடுத்து வைத்தாள். "கையால காட்டுங்க" என்றாள். அவள் பாட, அவர் உள்ளங்கையை நீட்டிப் பிடித்தார். குரல் இறங்கினால் கை மேலே போகும். கூடினால் கீழே வரும். சேர்ந்தால் அசையாமல் நிற்கும். ஆபீசுக்குப் போகுமுன் தினமும் ஒரு மணி நேரம். தை மாதம் ஒரு நாள், அந்த ஆனந்தபைரவிப் பாட்டின் பல்லவியை முதலிலிருந்து முடிவுவரை அவள் பிசகாமல் பாடினாள். வக்ரத்தில் வளைந்து திரும்பி, காந்தாரத்தை அதன் இடத்தில் நிறுத்தினாள். அவர் கை அசையவே இல்லை. கண்ணிலிருந்து நீர் மட்டும் இறங்கியது.

அவள் அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு பெட்டியின் துருத்தியைக் கட்டி, கொக்கியை மாட்டினாள்.

"சரியாப் பாடிட்டேன்னு உங்க கை சொல்லுது. எனக்கு ஒண்ணும் இல்லயே. உங்களுக்குக் கச்சேரி, எனக்கு வேல." கோபமில்லாமல்தான் சொன்னாள். "போதும். நீங்க வெளிய கேட்டத எழுதுங்க. அது போதும் எனக்கு."

அதற்கப்புறம் அவள் பாடவில்லை.

அவர் எழுதினார். சிலேட்டு போதாமல் நோட்டு வாங்கினார். புளியங்குடிக் கல்யாணத்தில் கேட்டதை, வாசுதேவநல்லூர்க் கோவில் திருவிழாவில் கேட்டதை, பஸ்ஸில் வரும்போதே எழுதிக்கொண்டு வருவார். அவள் வாசித்துக் கண்ணை மூடிக்கொள்வாள். 1955 கடைசியில் ஒரு நாள் நோட்டை மூடி மடியில் வைத்துவிட்டுச் சொன்னாள்: "சகானான்னு எழுதிருக்கீங்க. பேரு தெரியுது. ஏத்தம் இறக்கம் எல்லாம் சொல்லுவேன். ஆனா உள்ள கேக்க மாட்டேங்குது. ஒண்ணொண்ணாப் போய்ட்டு இருக்கு. தோடி மட்டும் இன்னும் இருக்கு."

அடுத்த வாரமெல்லாம் அவர், எங்கே யார் தோடி வாசிப்பார்கள் என்று தேடிப் போனார்.

1956 மழைக்காலத்தில் இருமல் திரும்ப வந்தது. டாக்டர் மறுபடியும் அதே ஊசியைச் சொன்னார். இந்தத் தடவை நெல்லைநாயகம் எல்லாவற்றையும் எழுதி அவளிடம் கேட்டார். "போடச் சொல்லுங்க" என்றாள். ஆனால் மருந்து இப்போது வேலை செய்யவில்லை. மார்கழியில், திங்கட்கிழமை காலை, ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் இறந்தாள். முந்தின நாள் அவர் எழுதிக் காட்டிய நாலு வரித் தோடியை அவள் முழுவதும் வாசித்தாளா என்பது அவருக்குத் தெரியாது, கண் மூடியிருந்தது.

காரியங்கள் முடிந்து ஒரு மாதம் கழித்து அவர் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். ஞானசெல்வி நாற்காலி போட்டாள். அவர் உட்காரவில்லை.

"டீச்சர், ரோட்டுல எவனாவது சீட்டி அடிச்சுட்டுப் போனாக்கூட எனக்கு எல்லாம் கேக்குது. இங்க நிக்கான், இங்க வழுக்குதான்னு. எழுதக் கை போகுது. வாசிக்க ஆள் இல்ல. இத எப்படி மறக்கது?"

"மறக்க முடியாது அண்ணாச்சி" என்றாள் ஞானசெல்வி. அவர் தலையசைத்துவிட்டுப் போய்விட்டார். அந்த வருஷமே மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு, தம்பி இருந்த புளியங்குடிக்குக் குடிபோனார்.

எட்டு மாதம் கழித்து ஞானசெல்விக்கு ஒரு கவர் வந்தது. உள்ளே ஒரே தாள். முத்து முத்தான கையெழுத்து. நலம் விசாரிப்பு இல்லை. 'இன்று சாயங்காலம் எலுமிச்சை மார்க்கெட் வழியாக ஒரு சப்பரம் போயிற்று. நாகஸ்வரம் புதிய ஆள். கல்யாணி' என்று தொடங்கி, எங்கே ஏறினான், எங்கே நின்றான், எந்த ஸ்வரத்தை எவ்வளவு அசைத்தான் என்று பக்கம் நிறைய எழுதியிருந்தது. கீழே பெயர் மட்டும்.

ஞானசெல்வி அதை மூன்று தடவை வாசித்தாள். பதில் எழுத ஒரு வாரமாயிற்று. 'அண்ணாச்சிக்கு, நீங்கள் எழுதியிருப்பது கல்யாணி இல்லை என்று நினைக்கிறேன். கல்யாணிக்கு மத்யமம் மேலே இருக்கும்; நீங்கள் கீழே இருப்பதாகச் சொல்லுகிறீர்கள். சங்கராபரணமாக இருக்க வேண்டும். அடுத்த முறை மத்யமத்தைக் கவனித்துக் கேட்டு எழுதவும்.'

நாலாம் நாள் தபாலில் பதில் வந்துவிட்டது. அந்த நாகஸ்வரக்காரன் வீட்டுக்கே போய் விசாரித்ததாகவும், டீச்சர் சொன்னதுதான் சரி என்றும் எழுதியிருந்தார்.